கொண்டைக்காரியின் ஜன்னல்

பழம் வெட்டும் அறையில் எல்லாரும் அவளைக் கொண்டைக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். சூப்பர்மார்க்கெட்டின் பின்பக்கம், குளிரில் விரல் மரத்துப்போகும் அந்த அறையில், ஒன்பது வருடமாக அன்னாசி வெட்டி டப்பாவில் அடைப்பவள். மற்றவர்கள் பழத்தின் தலையிலுள்ள இலைக்கொண்டையைக் கத்தியால் ஒரே போடாகப் போட்டுக் குப்பைத்தொட்டிக்குத் தள்ளுவார்கள். அவள் மட்டும் கையால் திருகி எடுப்பாள். திருகினால்தான் அடித்தண்டு முழுசாக வரும். அடியிலைகளை உரித்து, மூன்று நாள் நிழலில் காயவிட்டு மண்ணில் வைத்தால் வேர் பிடிக்கும். யாரும் சொல்லித் தரவில்லை. பதினோரு கொண்டைகளை அழுகவிட்டுக் கற்றுக்கொண்டது.

வீட்டில் வெயில் விழுவது ஒரே ஒரு ஜன்னலில். அங்கே தண்ணீர்க் குவளையில் அவகாடோக் கொட்டை, தயிர் டப்பாவில் இஞ்சி, நடுவே பெயிண்ட் வாளியில் மூன்று வயது அன்னாசி. கை நீளத்துக்கு இலை, ஓரமெல்லாம் முள். பூ மட்டும் இல்லை.

அந்த நேரம் பார்த்துக் கணவனின் அக்கா தன் பீரோவோடு வந்து சேர்ந்தாள். பீரோ நடைவழியில் நின்றது. சமையலறைக்குப் போக எல்லாரும் நண்டு மாதிரிப் பக்கவாட்டில் நடந்தார்கள்.

"குப்பைக்குப் போறதையெல்லாம் கொண்டாந்து குடித்தனம் வச்சிருக்கே. அந்த வாளியத் தூக்கினா என் பீரோ கச்சிதமா உக்காரும்," என்றாள் நாத்தனார்.

"அது காய்க்கும் அண்ணி."

"மூணு வருஷமா காய்க்காததா?"

நடுவில் மாட்டிக்கொண்ட கணவன் திருதிருவென்று முழித்தான். "அக்கா, மூணு மாசம் பொறு. அதுக்குள்ள பூக்கலன்னா நானே தூக்கிடறேன்." மனைவியை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அவள் சண்டைக்குப் போகவில்லை. மறுநாள் கடையில் பெட்டிகளை அடுக்கும்போது, சேர்ந்த புதிதில் ஆப்பிள் பெட்டியை வாழைப்பழத்தோடு வைத்துவிட்டு மேற்பார்வையாளரிடம் வாங்கிய வசவு நினைவுக்கு வந்தது. "ஆப்பிள் விடற மூச்சுல பக்கத்துல இருக்கறதெல்லாம் பழுத்துடும்னு தெரியாதா?" காயைப் பழுக்கவைக்கும் மூச்சு, செடியை உசுப்பிவிடாதா?

வீட்டுக்குப் போகும்போது இரண்டு ஆப்பிள் வாங்கினாள். அவற்றை வாளிக்குள் செடியை ஒட்டி வைத்து, செடியைப் பெரிய பிளாஸ்டிக் பையால் மூடி ஒரு வாரம் கட்டிவைத்தாள்.

"செடிக்கு ஆப்பிள் ஊட்டறா பாருடா உன் பொண்டாட்டி. நாளைக்குப் பால் காய்ச்சிக் குடுப்பா!"

"கேட்டா குடுப்பேன் அண்ணி."

முதல் மாதம் ஒன்றும் நடக்கவில்லை. நாத்தனார் டேப் பிடித்து ஜன்னலோரத்தை அளந்து வைத்துக்கொண்டாள். இரண்டாம் மாதக் கடைசியில் ஒருநாள் காலை, இலைகளின் நடுக்குழியில் சிவப்பாக ஏதோ முட்டிக்கொண்டு நின்றது. கொண்டைக்காரி கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"அண்ணி, அந்த டேப்பைக் கொஞ்சம் எடுத்துக்கிட்டு வாங்க. இதையும் அளக்கணும்."

ஆறு மாதம் கழித்துப் பழம் வந்தது. மூடிய கையளவுதான். நாத்தனார் மூன்று துண்டு தின்றாள். நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லை.

"சரி, காய்ச்சாச்சு. ஒரு செடி ஒரு தடவைதான் காய்க்குமாமே. இனி வாளியத் தூக்கலாமில்ல?"

"அடியில பாருங்க. ரெண்டு கன்னு விட்டிருக்கு."

"இந்தப் பழத்தோட கொண்டை எங்க? அதையாவது தூக்கிப் போட்டியா?"

"உங்க பீரோ மேல காயுது அண்ணி. வெயிலே படாத இடம். கச்சிதமா இருக்கு."