இலக்கம் போட்ட பனை

சரவணை என்ற ஊரில் லியோனைப் போலப் பனை ஏற ஆளில்லை. தலைக்கனமும் அந்த உயரத்துக்கு இருந்தது. கள்ளிறக்கும் பனைக்கு அரசாங்கத்துக்கு மரவரி கட்டவேண்டும். கட்டினால் அடிமரத்தில் வெள்ளைப் பூச்சால் இலக்கம் போடுவார்கள். காணிக்காரர் சரவணமுத்துவின் தோப்பில் அவன் ஏறியது பதினைந்து பனை. இலக்கம் இருந்தது ஆறில்தான். அந்த ஆறுக்கும் வருசாவருசம் வரி கட்டுவது சரவணமுத்துவின் பொறுப்பு.

"பனையை அவங்களோ நட்டவங்கள்? என்னத்துக்கு வரி?" என்று லியோன் சந்தியில் நின்று நெஞ்சை நிமிர்த்துவான். வரிக்காசை மிச்சம் பிடித்தது சரவணமுத்து, பெருமைப்பட்டது இவன். மடையன்.

அறுபத்திரண்டாம் ஆண்டு பங்குனியில் ஒரு காலை, இலக்கமில்லாத பனையொன்றில் ஏறும்போது காலில் மாட்டியிருந்த தளைநார் அறுந்தது. விழுந்தவனுக்கு இடுப்பில் உயிர்போகிற நோ. ஆனாலும் கால்விரல்களை அசைத்துப் பார்த்தான். அசைந்தன. அவன் பெண்சாதி அன்னமுத்து கார் பிடிக்க ஓடினாள். சரவணமுத்து மறித்தார்.

"பொறு. ஆஸ்பத்திரியில விசாரிப்பாங்கள், மதுவரி இன்ஸ்பெக்டர் வருவான். இந்தப் பனையடியில கிடந்தா உன்ர புருசன் மறியலில கம்பி எண்ணவேண்டியதுதான்."

லியோனே கையைக் காட்டினான். "ஓம் நயினார், என்னை இலக்கப் பனையடிக்குக் கொண்டுபோங்கோ."

முந்நூறு அடி தூரம், இடையில் ஒரு வேலி. கையில் ஒருவர், காலில் ஒருவர் பிடித்து வேலிக்கு மேலால் தூக்கியபோது முதுகுக்குள் ஏதோ நெரிந்தது. அலறினான். பிறகு இடுப்புக்குக் கீழே நோவே இல்லை. சுகமாகிவிட்டதென்று சந்தோசப்பட்டான், பாவி.

"அசைக்காமல் கிடத்தியிருந்தா நடந்திருப்பீர்," என்றார் டொக்டர்.

மூன்றாம் நாள் இன்ஸ்பெக்டர் கட்டிலடிக்கு வந்தார். லியோன் மனப்பாடம் பண்ணி வைத்ததைச் சொன்னான்: "நாப்பத்திரண்டாம் இலக்கப் பனை, ஐயா. வரி கட்டின மரம்."

இன்ஸ்பெக்டர் கொப்பியைப் புரட்டினார். "அது போன வருசப் பூச்சு. இந்த வருசம் அந்தத் தோப்பில ஒரு பனைக்கும் வரி கட்டேல்லை. ஏறினது நீர், வழக்கும் உம்மட பேரிலதான்."

கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த சரவணமுத்துவை லியோன் பார்த்தான். அவர் கதிரையை விட்டு எழும்பினார்.

"நான் ஏறச் சொன்னனானோ?"

பாய்ந்து அவர் கழுத்தைப் பிடிக்கத்தான் லியோன் எழும்பினான். கைகள் மட்டும் எழும்பின.

அடுத்த கிழமை, அவன் விழுந்த பனையில் அவனுடைய தம்பி ஏறினான்.