ஏற்காட்டு பூத்தில் இருந்துகொண்டு சேலத்துக் கணினியில் வேலை செய்த கோடை

மலையில் இரண்டு மாதம் தங்கி, அங்கிருந்தபடியே ஊரில் இருக்கும் கணினியில் வேலை செய்யலாமா என்று சிலர் என்னிடம் கேட்கிறார்கள். செய்யலாம். தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு கோடையில் நான் செய்தேன். அந்தப் பயணத்தை எழுதுகிறேன், வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள்.

நான் ஊர் சுற்றிப் பார்க்கப் போகவில்லை. என் மனைவி ஸ்டெல்லாவுக்கு மூச்சுத் திணறல். நாங்கள் குடியிருந்தது சேலத்தில் லாரிகள் வந்து நிற்கும் ஒரு தெரு. மழை பிடிக்கும்வரை இந்தப் புழுதியில் இருக்கக் கூடாது என்றார் டாக்டர். அவளுடைய அக்கா வீடு ஏற்காட்டுக்கு அப்பால் கொட்டச்சேட்டில், ஒரு காப்பி எஸ்டேட்டுக்குள் இருந்தது. அவளை மட்டும் அனுப்பியிருக்கலாம். ஆனால் திணறல் முற்றினால் உடனே ஊசி போட வேண்டும், அதை டாக்டர் எனக்குத்தான் சொல்லிக் கொடுத்திருந்தார்.

நான் வேலை பார்த்தது ஒரு லாரி புக்கிங் ஆபீசில். பில் போடும் நிரல் நான் எழுதியது. கல்லூரி வாசலை மிதித்தவன் இல்லை, புத்தகங்களைப் பார்த்துக் கற்றவன். அதனால் அங்கே எனக்குக் ‘கம்ப்யூட்டர் மெக்கானிக்’ என்று பெயர். வைத்தவர்களை இன்றுவரை நான் மன்னிக்கவில்லை.

முதலாளி என்னைவிட இருபது வயது இளையவர். விஷயத்தைச் சொன்னதும் சிரித்தார்.

“மலைமேல உக்காந்துட்டு இங்க எப்படிங்க வேலை பாப்பீங்க?”

“போன் லைன் வழியா உள்ள வருவேனுங்க.”

“நீங்க வர்ற வழில வேற எவனாச்சும் வந்து நம்ம வாடகை ரேட்டப் பாத்துட்டான்னா?”

கேள்வியில் நியாயம் இருந்தது. சாதாரணமாக உள்ளே நுழைந்தால் கடவுச்சொல் உட்பட எல்லாம் கம்பியில் அப்படியே போகும், நடுவில் ஒட்டுக் கேட்பவனுக்கு எல்லாம் தெரியும். அதைப் பூட்டி அனுப்புவதுதான் எஸ்.எஸ்.ஹெச். அப்போது புதிது. ஆபீஸ் கணினியில் அதன் சர்வர், அதாவது வாசல் காக்கும் நிரல், ஓடினால் சாவி வைத்திருப்பவன் மட்டும் தூரத்திலிருந்து உள்ளே வரலாம். பத்திரிகையோடு வந்த ஒரு குறுந்தகட்டில் அதன் மூல நிரல் எனக்குக் கிடைத்தது.

ஆனால் அந்தச் சர்வர் பெரிய கணினிகளுக்காக எழுதப்பட்டது. எங்களுடையதோ பழைய 386, நினைவகம் நான்கே எம்.பி. சர்வர் மணிக்கு ஒரு தடவை தனக்குப் புதுச் சாவி செய்துகொள்ளும். அது முடியும்வரை பில் போடுகிறவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். ஆகவே குறைத்தேன். படம் காட்டும் பகுதியை எடுத்தேன், தரவைச் சுருக்கும் பகுதியை எடுத்தேன், ஒரு நேரத்தில் ஒருவருக்கு மேல் வர முடியாமல் செய்தேன், புதுச் சாவி நாளுக்கு ஒன்று போதும் என்றேன். இப்படிச் செய்யக் கூடாது என்று படித்தவர்கள் சொன்னார்கள். அந்தக் கணினிக்கு நினைவகம் வாங்கித் தருவீர்களா என்று கேட்டேன்.

ஏப்ரல் முதல் வாரம் காலை ஆறரை மணி பஸ்ஸில் கிளம்பினோம். சேலத்திலிருந்து ஏற்காடு முப்பது கிலோமீட்டர் பக்கம். அடிவாரத்துக்கு அப்புறம் இருபது கொண்டை ஊசி வளைவுகள். கனமான ஒரு பழைய மடிக்கணினியும், அதைப் போன் கம்பியில் இணைக்கும் மோடமும் என் மடியில். இன்னொரு மோடத்தை ஆபீஸ் போனில் மாட்டிவிட்டு வந்திருந்தேன். பாதி ஏறியதும் காற்று குளிர்ந்தது. ஸ்டெல்லா ஜன்னலைத் திறந்துவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருந்தாள். பேசினால் இருமல் வரும் என்ற பயம். ஏற்காட்டில் இறங்கி டீ குடித்துவிட்டுக் கொட்டச்சேட்டு பஸ் பிடித்தோம். அதற்கு நேரம் உண்டே தவிர நிச்சயம் கிடையாது.

கொட்டச்சேட்டு வீட்டில் போன் இல்லை. ஆகவே தினமும் காலையில் ஏற்காட்டுக்கு வந்து, பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் காதர் பாய் நடத்திய எஸ்.டி.டி. பூத்தில் வேலை, மத்தியான பஸ்ஸில் திரும்பிவிடுவது என்று ஏற்பாடு. போன் ஒயரைக் கழற்றி மோடத்தில் செருக அவர் முதல் நாளே சம்மதித்தார். மோடம் போட்ட சத்தம்தான் அவருக்குப் பிடிக்கவில்லை.

“ஏனுங்க, உள்ள கோழி அறுக்கறீங்களான்னு வெளிய கேக்கறாங்க.”

“அறுத்தா உங்களுக்கும் ஒரு பங்கு உண்டுங்க பாய்.”

சிக்கல் சத்தத்தில் இல்லை, வரிசையில். பத்து நிமிஷத்துக்கு ஒருவர் கண்ணாடிக் கதவைத் தட்டுவார், நான் இணைப்பைத் துண்டித்துவிட்டு எழுந்து வழிவிட வேண்டும். அப்படித் துண்டித்தாலும் விட்ட இடத்தில் வேலை நிற்பதற்கு ‘ஸ்கிரீன்’ என்ற சிறு நிரல் உதவியது. உதவாதது என் அவசரம். இரண்டாம் வாரம், சர்வரை இன்னும் மெலிதாக்கலாம் என்று புதிதாக ஒன்றைச் செய்து, ஓடிக்கொண்டிருந்ததை பூத்திலிருந்தே நிறுத்தினேன். புதியது எழவில்லை. உள்ளே போக இருந்த ஒரே கதவை வெளியில் நின்று மூடிவிட்டேன். சேலத்துக்கு பஸ் ஏறிப் போய்ச் சரி செய்தேன்.

முதலாளி என் பழைய நாற்காலியைக் காட்டினார். “இன்னொரு தடவ இதுக்காக நீங்க எறங்கி வர்ற மாதிரி ஆச்சுன்னா, இங்கயே உக்காந்துக்குங்க. மறுபடி மேல போறதெல்லாம் வேண்டாம்.”

அடுத்த வெள்ளிக்கிழமை பன்னிரண்டரைக்குப் பாயின் போனில் அவரே கூப்பிட்டார். இரண்டு லாரிச் சரக்கை ஒரே பில்லில் சேர்க்கும் வழக்கத்தை அன்றுதான் தொடங்கியிருந்தார்கள். மொத்தப் பாரம் நான் ஒதுக்கிய கட்டத்தில் அடங்காமல் தப்பாக விழுந்தது. டிரைவர்கள் ஆபீசில் நின்று கத்தினார்கள்.

“ரெண்டு மணி வரைக்கும் பாக்கறேனுங்க. இல்லீன்னா பஸ் ஏறி வந்துருங்க.”

போனால் அந்த நாற்காலிதான், மறுபடி மலையேற முடியாது. திரும்பினால் வெளியே ஐந்து பேர் வரிசை. பாய் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு நின்றார். ஜும்மா தொழுகைக்கு நேரம், கடையைச் சாத்த வேண்டும். நான் சொன்னதை அவர் முழுதாகக் கேட்டார்.

“ஊட்டுக்கார அம்மாவுக்காகத்தானே இங்க இருக்கறீங்க?”

“ஆமாங்க பாய்.”

வரிசையைப் பார்த்து, “தொழுகைக்குப் போறேனுங்க, வந்து தெறக்கறேன்” என்று அனுப்பிவிட்டார். பிறகு என்னிடம் குனிந்து, “உங்கள உள்ள வெச்சே சாத்திட்டுப் போறேன். தும்மல் வந்தாக்கூட மெதுவாத் தும்முங்க. கடை தெறந்திருக்குதுன்னு நெனச்சு ஆளுங்க தட்டிருவாங்க.”

ஷட்டர் இறங்கியது. திரையின் வெளிச்சம் மட்டும். ஏற்காடு வந்து முதல்முறையாக யாரும் கதவைத் தட்டாத ஒரு மணி நேரம் எனக்குக் கிடைத்தது.

பாதி வேலையில் கோடை மழை பிடித்தது. இடிக்கு ஒரு தடவை லைன் அறுந்தது. மூன்று தடவையும் திரும்ப நுழைந்தேன். கனத்த சர்வராக இருந்திருந்தால் அந்த 386 ஒவ்வொரு தடவையும் மூச்சு வாங்கி நின்றிருக்கும். பழைய நிரலை அப்படியே ஓடவிட்டு, திருத்தியதைப் பக்கத்தில் ஒரு நகலில் சோதித்தேன். சரியாக விழுந்த பிறகே மாற்றினேன். மோடத்தைக் கழற்றிப் போனைச் செருகியதும் மணி அடித்தது.

“பில் சரியா விழுகுதுங்க” என்றார் முதலாளி. “மழை பேயுதுங்களா அங்க? சரி, அங்கயே இருங்க.”

பாராட்டு ஒன்றும் இல்லை. அவரிடமிருந்து நான் எதிர்பார்க்கவும் இல்லை. பாய் நனைந்துகொண்டே வந்து ஷட்டரைத் தூக்கினார். “முடிஞ்சுதுங்களா?” என்றார். அன்றிலிருந்து நாங்கள் மலையிறங்கும்வரை எல்லா வெள்ளிக்கிழமையும் அந்த நேரம் எனக்கு. நான் கேட்டு வாங்கியதில்லை, அவர் கொடுத்தது. என் வேலையை ‘மெக்கானிக்’ என்று சொன்ன ஊரில், அது என்ன வேலை என்றே தெரியாமல் அதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்கிய மனிதர் அவர்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். ஏப்ரல், மே மாதங்களில் மத்தியானத்துக்கு மேல் மழையும் மின்வெட்டும் வரும், முக்கியமான வேலையைக் காலையிலேயே முடியுங்கள். தூரத்துக் கணினி சின்னதாக இருந்தால் சர்வரும் சின்னதாகவே இருக்கட்டும். இன்று அதற்கென்றே எழுதிய சிறிய சர்வர்கள் கிடைக்கின்றன, என்னைப்போல் வெட்டிக்கொண்டிருக்க வேண்டாம். புதிய சர்வரை வேறு ஒரு போர்ட்டில், அதாவது அதே கணினியின் இன்னொரு வாசலில், ஏற்றி, அதன் வழியே ஒரு தடவை உள்ளே போய்ப் பார்க்காமல் பழையதை நிறுத்தாதீர்கள். எதில் விட்டுக்கொடுத்தாலும் இதில் கூடாது. தங்கும் இடத்தில் இணைப்பு எப்படி என்று கேட்பதோடு, அக்கம்பக்கத்தில் பேச்சுப் பழக்கமும் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த மே மாதம் ஸ்டெல்லாவுக்கு இரண்டு தடவை ஊசி போட வேண்டி வந்தது. இரண்டு தடவையும் நான் வீட்டில் இருந்தேன்.