தேங்காய் குவித்த சாலையில்

என் வீட்டுக்காரர் பத்து காவான் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு என்பது பேச்சுக்குத்தான். காலையில் மகளின் பிள்ளைகளைப் பள்ளியில் விடுவார், மீன் வாங்கி வந்து கழுவியும் கொடுப்பார். பிறகு, டயாலிசிஸ் செய்துகொள்ளப் போக ஆள் துணையில்லாத நோயாளிகளைக் காரில் ஏற்றி இறக்கக் கிளம்பிவிடுவார். சம்பளமில்லாத இந்த வேலைக்கும் அட்டவணை போட்டு ஐஸ்பெட்டிக் கதவில் ஒட்டியிருப்பார். அதைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

தைப்பூசத்துக்கு முதல் நாள் சாமி ரதம் புறப்படும். வேலையில் இருந்தவரை அந்த நாளில் அவர் தொழிற்சாலையில்தான் இருப்பார். மறுநாள் தண்ணீர்மலைக் கோயிலுக்கு ஏறி இறங்குவதோடு சரி. ஓய்வு பெற்ற வருஷம், இருவரும் சேர்ந்து ரதம் பார்ப்போம் என்று வாக்குக் கொடுத்திருந்தார். அதற்கு முந்தின சாயங்காலம் போன் வந்தது. காய்ச்சலால் ஒரு முறை டயாலிசிஸைத் தவறவிட்ட வயதான பாய் ஒருவருக்கு, இன்னொரு முறை தவறினால் உயிருக்கே ஆபத்தாம். இவர் உடனே, மறுநாள் கூட்டிப்போகிறேன் என்றுவிட்டார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டால் குறைந்தா போய்விடுவார்?

மறுநாள் நானும் காரில் ஏறினேன், வழியில் தங்கை வீட்டில் இறங்கிக்கொள்ள. பாயைப் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டபோதும் மூஞ்சியைத் தூக்கி வைத்திருந்தேன். எந்தச் சந்திப்புக்கு ரதம் எத்தனை மணிக்கு வரும் என்று அவர் தாளில் எழுதி வைத்திருந்தார். அதில் தேங்காய் இல்லை. ரதம் வர வெகுநேரம் முன்பே, நேர்ந்துகொண்டவர்கள் அதன் முன் உடைப்பதற்காகச் சாலையில் தேங்காயைக் குவித்துவிடுவார்கள். அவர் கேள்விப்பட்டிருப்பார், கண்ணால் பார்த்ததில்லை. எனக்கு நன்றாகத் தெரியும். சொல்லவில்லை. மாட்டிக்கொள்ளட்டும், அப்போதாவது புத்தி வரட்டும் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். அவ்வளவு கொழுப்பு எனக்கு.

மாட்டிக்கொண்டோம். எதிரே சாலையை அடைத்துத் தேங்காய். பின்னால் வண்டிகள் நெருக்கி நின்றன. பின்சீட்டில் பாய்க்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. கால் இரண்டும் வீங்கிப் பளபளத்தன. அந்த நிலையிலும் அவர் என்னைத் தேற்றினார்.

"பரவால்ல தங்கச்சி, மெதுவா போவோம் லா."

கதவைத் திறந்துகொண்டு ஓடினேன். குவியலருகே ஒரு சீனத்து அம்மா குடும்பத்தோடு நின்றிருந்தார். அவருடைய நேர்த்திக்கடன் அது. மகனுக்கு உடம்பு தேறியதற்காம். எனக்குத் தெரிந்த மலாய் மொழியில் கொட்டித் தீர்த்தேன். அவர் காரை எட்டிப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் குனிந்து இரண்டு தேங்காயை எடுத்து ஓரத்தில் வைத்தார்.

அடுத்து அவர் மகன் குனிந்தான். பிறகு தண்ணீர்ப் பந்தலில் மோர் ஊற்றிக்கொண்டிருந்தவர்கள் வந்தார்கள், பால்குடத்துக்கு மஞ்சள் உடுத்தியிருந்த பெண்கள் வந்தார்கள், காக்கி உடையில் ஒரு போலீஸ்காரரும் வந்தார். கைக்குக் கை தேங்காய் மாறியது. யாரும் யாருக்கும் உத்தரவு போடவில்லை. ஆளை விரட்டி விரட்டி வேலை வாங்கிய என் வீட்டுக்காரரும் வரிசையில் ஒருவராக நின்று தேங்காயைக் கைமாற்றினார். கொஞ்ச நேரத்தில் ஒரு கார் அகலத்துக்கு வழி. ஒரு ஹார்ன் சத்தமில்லை. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. யாரைக் கும்பிடுவது என்று தெரியாமல் காருக்குள்ளிருந்தே எல்லாரையும் கும்பிட்டுக்கொண்டு போனேன்.

டயாலிசிஸ் மையத்தில் பாயை உடனே படுக்க வைத்தார்கள். இன்னும் தாமதித்திருந்தால் சிரமமாகியிருக்கும் என்று தாதி சொன்னார். வெளியே பெஞ்சில் நாங்கள் இருவரும் உட்கார்ந்திருந்தோம். என்னால் தாங்க முடியவில்லை.

"தேங்காய் கொட்டியிருப்பாங்கன்னு எனக்குத் தெரியும்ங்க. வேணும்னுதான் சொல்லல."

தொழிற்சாலையில் ஒரு பொருள் பழுதாக வந்தால், யார் செய்தது என்று கண்டுபிடிக்காமல் வீட்டுக்கு வராத மனுஷர். என்ன சொன்னாலும் வாங்கிக்கொள்வது என்று தலை குனிந்திருந்தேன். அவர் தன் உள்ளங்கைகளில் ஒட்டியிருந்த தேங்காய் நாரைத் தட்டிவிட்டார்.

"நேத்து போன் வந்தப்பவே நான் உன்கிட்ட கேட்டிருக்கணும். கேட்டிருந்தா நீ சொல்லியிருப்ப."

சொல்லியிருப்பேன். அதுதான் உண்மை. அந்தப் பெஞ்சிலேயே, ஆட்கள் பார்க்கப் பார்க்க, தேம்பித் தேம்பி அழுதேன்.