அம்மா உரிமையாகக் கேட்ட நாற்காலி

அசைன்மெண்டுக்கு ஏ கிரேடு கிடைக்கும் என்று நினைத்தேன். அம்மாவின் நாற்காலிதான் போனது!

(சம்பந்தம் இருக்கிறது. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், ப்ளீஸ்.)

இந்த செமஸ்டரில் எங்களுக்கு 'மனித உரிமைகளும் கடமைகளும்' கட்டாயப் பாடம். அக்கவுண்டிங் படிக்க வந்தவளுக்கு இது எதற்கு என்று முதல் வாரம் முழுக்க முணுமுணுத்தேன்.

பிறகு ஒரு நாள், ஓய்வும் ஒரு மனித உரிமைதான் என்று மேடம் சொன்னார். என் நினைப்பு நேராக அம்மாவிடம் போனது.

அம்மாவுக்கு ஈப்போவில் ஒரு ஷாப்பிங் மாலில் கழிவறை துப்புரவு வேலை. ஆளே வராத நேரத்திலும் வாசலில் நின்றுகொண்டே இருக்க வேண்டும். உட்காரக் கூடாதாம்! வீட்டுக்கு வரும்போது முட்டி வீங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பார்.

அன்றைக்கே அம்மாவைப் பிடித்துக்கொண்டேன்.

"மா, உட்கார ஒரு நாக்காலி கேளுங்க. அது உங்க உரிமை."

"அதுக்கென்னடி, உரிமையா கேட்டுட்டா போச்சு. சூப்பர்வைசர் குமாரு நம்ம பையன்தான். பீடோர் தோட்டத்துல நாம இருந்தப்ப, பக்கத்து லயத்து வீட்டுக்காரங்க மவன்."

கேட்டார். மறுநாளே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வந்துவிட்டது!

இதையே ஆங்கிலத்தில் அசைன்மெண்டாக எழுதினேன். என் அம்மா தன் 'ரைட்'டைக் கேட்டுப் பெற்றார் என்று வகுப்பில் பெருமையாகப் படித்தேன். (கை தட்டினார்கள், சும்மா சொல்லவில்லை.)

வகுப்பு முடிந்ததும் மேடம் தனியாகக் கூப்பிட்டார். அவர் தாப்பா ஊர்க்காரர், நம்ம தமிழர்.

"அம்மா தமிழ்ல என்னன்னு சொன்னாங்க?"

"உரிமையா கேட்டேன்னு சொன்னாங்க, மேடம்."

"அப்படின்னா பழக்கத்துல கேட்டிருக்காங்க லா. அது ரைட் இல்லம்மா. கூட வேலை செய்றவங்களுக்கும் நாக்காலி கிடைச்சிச்சா?"

கிடைக்கவில்லை. மேல் மாடிக் கழிவறையைப் பார்ப்பவர் வாத்தி அக்கா. (டீச்சர் இல்லை! இந்தோனேசியக்காரர், பெயரே வாத்தி.) அவருக்கும் குமார் அண்ணனுக்கும் எந்தத் தோட்டத்துப் பழக்கமும் கிடையாது.

எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஒரு வார்த்தைக்காகவா இவ்வளவு? மார்க் குறைக்க ஒரு சாக்கு என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் மனசுக்குள் திட்டித் தீர்த்தேன்.

போன வாரம் குமார் அண்ணனை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். அவர் இடத்துக்கு ஒரு சீன அம்மா வந்தார். முதல் நாளே நாற்காலியை ஸ்டோருக்குள் வைத்துப் பூட்டிவிட்டார்.

கெட்டவர் இல்லையாம். இது யார் கொடுத்தது என்றுதான் கேட்டாராம்.

"அந்த அம்மாகிட்ட எப்படிடி உரிமையா கேக்கறது? மூஞ்சியே பழக்கம் இல்ல," என்றார் அம்மா, முட்டியில் தைலம் தேய்த்தபடி.

அப்போதுதான் மேடம் சொன்னது எனக்கு உறைத்தது.

நம் வீட்டுப் பேச்சில் உரிமை என்றால் நெருக்கம். நெருங்கியவர் மாற்றலாகிப் போனால் அதுவும் கூடவே போய்விடும். பாடத்தில் இருக்கிற உரிமைக்கு யாருடைய முகமும் பழக்கமாகி இருக்க வேண்டியதில்லை.

இதைத்தான் அம்மாவிடம் சொன்னேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"வேலைக்குப் போனோமா, செஞ்சோமான்னு இருக்கணும். நான் என்னிக்காச்சும் கடமைக்குக் கழுவியிருக்கேனா, சொல்லு?"

"இல்லமா! உங்க கடமைய நீங்க ஒழுங்கா செய்றீங்க. உங்கள உட்கார விடறது அவங்க கடமை. குமார் அண்ணன் இருந்தாலும் இல்லாட்டியும்."

அம்மா தைல பாட்டிலை மூடினார்.

"வாத்திக்கும் முட்டி வலி இருக்கு," என்றார் பிறகு. "நான் உட்கார்ந்திருக்கறத பார்த்துட்டே மாடிக்குப் போவா. ஒன்னுமே கேக்க மாட்டா."



இன்று அம்மாவும் வாத்தி அக்காவும் சேர்ந்து போய், புது சூப்பர்வைசரிடம் மலாயில் பேசியிருக்கிறார்கள். ஆபீசில் கேட்டுச் சொல்கிறேன் என்றாராம். நாற்காலி இன்னும் வரவில்லை. அம்மா இன்றைக்கும் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே வந்தார், ஆனால் முகத்தில் ஒரு தெளிவு!

அசைன்மெண்டை நான் திருத்தி எழுத வேண்டும். 'உரிமையா கேட்டேன்' என்பதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது? தெரிந்தவர்கள் கமெண்டில் சொல்லுங்கள், புண்ணியமாகப் போகும்.

அம்மாவிடம் கடைசியாக ஒன்று கேட்டேன்.

"எத்தனை நாக்காலி கேட்டீங்க, மா?"

"ரெண்டு," என்றார். "குமாரு இருந்தப்பவே ரெண்டா கேட்டிருக்கலாம். எனக்குத் தோணவே இல்ல பாரேன்."