கூட்டாமல் வைத்த தூசி

அடுத்தவர் வீட்டுத் தூசியை அள்ளுவதுதான் என் பிழைப்பு. ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கமும் குறிப்பிட்ட சில வீடுகளுக்கு மூன்று மாதத்துக்கொரு முறை போய், தரைத்தூசியை எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். பூச்சிமருந்து, பெயின்ட் என்று அதில் கலந்த ரசாயனம் கூடுகிறதா, குறைகிறதா என்று பார்ப்பார்கள். வீடு வீடாக ஏறி இறங்கியவர்களுக்கு என் பாடு புரியும்.

விருந்தாளி மரியாதை

ராஜபாளையத்தில் முதல் வீடு. ஒரு வாரம் கூட்டாதீர்கள் என்று போனில் கெஞ்சியிருந்தேன். போனால் தரையில் ஈரம்கூடக் காயவில்லை. பினாயில் வாடை மூக்கைத் துளைத்தது. என் முகம் போன போக்கைப் பார்த்து, வீட்டுக்கார அக்கா காபியை நீட்டினார்.

"ஆள் வாராகன்னு தெரிஞ்சும் குப்பையோட போட்டு வச்சா, எங்களப் பத்தி என்ன நெனைப்பீக?"

கொசு மருந்து

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு டீச்சர் வீடு. அங்கே தூசியில் கொசு மருந்து எப்போதும் எக்கச்சக்கம். போன தடவை பாதியாகக் குறைந்திருந்தது. நல்ல சேதி சொல்லும் யோகம் எனக்கு எப்போதாவதுதான் வாய்க்கும். குஷியாகச் சொல்லிவிட்டு, ஜன்னலுக்கு வலை அடித்தீர்களா என்று கேட்டேன்.

"மக வேலைக்குக் கோயம்புத்தூர் போயிட்டா. அவளுக்குத்தான் கொசு கடிச்சாத் தடிச்சுப் போகும். நான் ஒருத்திக்கு எதுக்குன்னு விட்டுட்டேன்."

பட்டாளத்துச் சுத்தம்

வன்னியம்பட்டியில் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒரு மாமா. மனைவி இறந்தபின் தனியாக இருக்கிறார். காலையிலும் மாலையிலும் அவரே கூட்டித் துடைத்துவிடுவார். இரண்டு தடவை வெறும் பையோடு திரும்பினேன். இன்னொரு தடவையும் இப்படியென்றால் உங்கள் வீட்டைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடுவார்கள், பிறகு நான் வரமாட்டேன் என்று சொன்னேன். சரி என்று தலையாட்டினார். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. இந்தப் பக்கத்தில் என்னைச் சாப்பிட்டாயா என்று கேட்கிற ஒரே ஆள் அவர்.

போன வாரம் மறுபடி போனேன். அவர் சட்டையில் அதே இஸ்திரி மடிப்பு. ஆனால் கட்டிலடியிலும் அலமாரி ஓரத்திலும் தூசி படிந்து கிடந்தது, காலடியில் நறநறத்தது. நான் குனிந்து அள்ளும்வரை தரையைப் பார்க்கச் சகிக்காமல் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார்.

"தொடப்பத்தத் தூக்கிப் பரண்ல போட்டுட்டேன். கையி பரபரங்குது. அள்ளி முடிச்சதும் ஓடிராத, செத்த நேரம் உக்காந்து பேசிட்டுப் போம்மா."

என் வாடகை அறையிலும் கட்டிலடி நிறையத் தூசி கிடக்கிறது, எடுக்கத்தான் ஒருவரும் வருவதில்லை.