எண்ணெய் வருவதற்குள் காமயகவுண்டன்பட்டி

கறுப்புத் திராட்சையைப் பந்தலிலேயே பார்க்க வேண்டும் என்பது என் நாலு வருட ஆசை. போன சனிக்கிழமைதான் வாய்த்தது. தேனியில் காலை 5.40 பஸ், கம்பத்துக்கு 40 கிலோமீட்டர், டிக்கெட் 35 ரூபாய். ஏழு மணிக்கெல்லாம் இறங்கி, காமயகவுண்டன்பட்டிக்கு ஆட்டோ பிடித்தேன். 150 ரூபாய். (டவுன் பஸ் இருக்கிறது, எனக்குப் பொறுமைதான் இல்லை.)

பாதி வழியில் ஆட்டோக்காரர் முருகன் வண்டியை மெதுவாக்கினார். "ஆத்துக்கு மேல லோயர்கேம்ப்புல எண்ணெ லாரி ஆத்துல கவுந்துருச்சு சார். அந்த எண்ணெ பத்து மணிக்கு இங்கன வந்துரும்ங்கிறாக."

வீட்டைப் பூட்டிவிட்டு மூன்று தடவை இழுத்துப் பார்க்கிற ஆள் நான். திரும்பிப் போகலாமா என்று யோசிப்பதற்குள் ஆற்றங்கரை வந்துவிட்டது.

முப்பது பேர் இருக்கும். குப்பையில் எண்ணெய் ஒட்டிக்கொண்டால் பிறகு கரையைச் சுத்தம் செய்யவே முடியாதாம். அதனால் எண்ணெய்க்கு முன்னால் கரையைக் காலி செய்துகொண்டிருந்தார்கள். நானும் இறங்கினேன். ஷாம்பு பாக்கெட், பாட்டில், தலைமுழுகி ஆற்றோடு விட்ட வேட்டி சேலைகள். இழுக்க இழுக்க வந்தன. இன்னொரு பக்கம், திராட்சைக்குப் பறவை வராமல் போடும் வலையில் வைக்கோலைத் திணித்து, ஆற்றின் குறுக்கே மிதக்கவிடக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

எல்லாரையும் விரட்டி வேலை வாங்கியவர் ஆரோக்கியமேரி அக்கா. ஒன்றரை ஏக்கர் திராட்சை, ஆற்றுத் தண்ணீர்தான் பாய்கிறது, இன்னும் பத்து நாளில் வெட்டு. விடிகாலையிலேயே வீடு வீடாகப் போய் ஆற்று மோட்டாரை நிறுத்தச் சொன்னவரும் அவர்தான். என் வழக்கப்படி கேட்டுவைத்தேன், உங்கள் மோட்டாரை நிறுத்தியாச்சா அக்கா என்று.

கையிலிருந்த சேலையைக் கீழே போட்டார்.

"மோட்டாரு ஆட்டோ சுவிட்சுல கெடக்கு தம்பி. ஒம்பதரைக்கு த்ரீ பேஸ் கரண்டு வந்தா தானா ஓடும்."

அப்போது மணி 9.20. அக்காவையும் என்னையும் ஏற்றிக்கொண்டு முருகன் ஆட்டோவை விரட்டினார். தோட்டம் ஆற்றோரமாகவே இரண்டரை கிலோமீட்டர். கடைசி வளைவில் திரும்பும்போதே மோட்டார் சத்தம் கேட்டது. கரண்ட் சீக்கிரமே வந்துவிட்டது. அக்கா ஓடிப்போய் சுவிட்சை அணைத்தார். மோட்டார் தண்ணீர் விழும் தொட்டியில் கையை விட்டு, எண்ணெய் கலந்துவிட்டதா என்று முகர்ந்தார். என்னையும் முகரச் சொன்னார். ஆற்றங்கரையில் புரண்ட என் கையில் எல்லா நாற்றமும் அடித்தது, எது எண்ணெய் நாற்றம் என்று பிரிக்க முடியவில்லை. பயத்தில் அழுகை வந்துவிட்டது.

முருகன்தான் முகர்ந்துவிட்டு, நல்ல தண்ணீர் என்றார்.

ஆற்றங்கரைக்குத் திரும்பினோம், 9.50க்கு எண்ணெய் வந்தது. வைக்கோல் பாதியைப் பிடித்தது, மீதி போய்விட்டது. கரையில் ஒட்ட ஒரு துணிகூட இல்லை.

கிளம்பும்போது அக்கா ஒரு குலை வெட்டிக் கொடுத்தார். "தொட்டித் தண்ணி கொடிக்கே பத்தாது, கழுவ இல்ல. தொடச்சுட்டுச் சாப்புடுங்க."

இனிப்பாகத்தான் இருந்தது.

போகிறவர்களுக்கு: காலை ஏழு மணிக்குள் போய்விடுங்கள், வெயில் கடுமை. கடைசி டவுன் பஸ்ஸை நம்ப வேண்டாம். குடிதண்ணீர் கையோடு எடுத்துப் போங்கள். நேற்று அக்காவுக்குப் போன் செய்தேன். ஆற்றுத் தண்ணீரை அதிகாரிகள் சோதனைக்கு எடுத்துப் போயிருக்கிறார்களாம், முடிவு வரும்வரை மோட்டாரைப் போடக் கூடாதாம். தொட்டித் தண்ணீர் அன்றைக்கே தீர்ந்துவிட்டது. வெட்டுக்கு இன்னும் ஆறு நாள்.