சவரிமுத்து அண்ணனும் சீசரின் கூண்டும்

சவரிமுத்து அண்ணன் இறந்த செய்தி நான் இணைப்புக் கொடுக்கவிருந்த ஒரு டிரங்க் காலில்தான் எனக்கு வந்தது. தேனி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் அன்று எனக்குக் காலை ஷிப்ட். உத்தமபாளையத்திலிருந்து பழனிசெட்டிபட்டி பஞ்சுக்கடைக்கு ஒரு கால். "யார் பேசுறது?" என்று வழக்கம்போல் கேட்டேன். "எஸ்தர் அத்தையா? நான் ஜோசப்பு. அப்பா காலையில போயிட்டாக அத்தை" என்றான் அவர் மகன். "கஷ்டப்பட்டாகளா?" என்பதுதான் என் வாயிலிருந்து முதலில் வந்தது. "இல்ல அத்தை. கஞ்சி குடிச்சாக, செத்த சாஞ்சுக்கிறேன்னாக. அம்புட்டுத்தான்."

எனக்கு முதலில் வந்தது அழுகை அல்ல, நிம்மதி. அவருடைய இளைப்பு நோயைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். மூச்சுக்குத் தவித்துத்தான் போவார் என்று நாங்கள் எல்லோரும் பயந்துகொண்டிருந்தோம். அப்படி இல்லாமல் கஞ்சி குடித்துவிட்டுச் சாய்ந்த மனிதரை நினைத்து ஒரு பெருமூச்சு விட்டேன், பிறகு பஞ்சுக்கடைக்கு லைனைப் போட்டுக்கொடுத்தேன். நாங்கள் ஒட்டுக்கேட்கக் கூடாது. அன்று கேட்டேன். பஞ்சுக்கடை ரெங்கசாமி முதலாளி "எப்ப எடுக்குறீக?" என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

இதைப் படிக்கிற உங்களில் பலருக்கு அவரை மாட்டாஸ்பத்திரி கம்பவுண்டராகத்தான் தெரியும். உங்கள் மாட்டுக்கு மூங்கில் குழாயில் மருந்து புகட்டியிருப்பார், உங்களையும் நாலு வார்த்தை திட்டியிருப்பார். ஜெயமங்கலத்திலிருந்துகூட ஆட்டைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஏறி வந்தார்கள். "டாக்டர் இருக்காரா?" என்று கேட்டுக்கொண்டே வந்து, அவர் முகத்தைப் பார்த்ததும் டாக்டரை மறந்துவிடுவார்கள். அனுமந்தன்பட்டிக்காரர். வேலைக்காகப் பழனிசெட்டிபட்டியில் எங்கள் தெருவில் இருபது வருடத்துக்கு மேல் குடியிருந்தார்.

அவரோடு எனக்கு முதல் சண்டை ஒரு பெட்டியால் வந்தது. என் கணவர் அப்போது மூணாறுப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் லாரி டிரைவர். வாரத்துக்கு ஒரு தடவை வீட்டுக்கு வரும்போது காலித் தேயிலைப் பெட்டி கொண்டுவருவார். அண்ணன் ஒன்று கேட்டார், துணி வைக்கத்தான் கேட்கிறார் என்று நினைத்துக் கொடுத்தேன். மறுநாள் போய்ப் பார்த்தால் அந்தப் பெட்டியைப் படுக்கப் போட்டு, வாய்க்குக் கம்பிவலைக் கதவு மாட்டி, உள்ளே தன் நாட்டுநாய் மணியை விட்டிருக்கிறார். எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. "உங்களை இப்படி அடைச்சு வச்சா இருப்பீகளாண்ணே?" என்றேன். அவர் கதவைத் திறந்துவிட்டார். மணி வெளியே வந்தது, வேலியோரம் போய்க் காலைத் தூக்கியது, என்னை முகர்ந்தது, திரும்பப் பெட்டிக்குள் போய்ச் சுருண்டுகொண்டது.

"பாத்துக்க" என்றார்.

"பழக்கிட்டீக, அதான் போகுது. செயிலுக்குப் பழகுனவனும் அப்படித்தான்" என்றேன். நான் விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை.

"பெட்டி கெடுதல் இல்லத்தா. உள்ள ஒரு உசுரு கெடக்குன்றத மறந்துபோறான் பாரு, அவன்தான் கெடுதல்."

அவர் யாரை நினைத்துச் சொன்னார் என்பது தெருவுக்கே தெரியும். எனக்கு அடுத்த வீடுதான் ரெங்கசாமி முதலாளியுடையது, பின்னால் பஞ்சு மூட்டை அடுக்கிவைக்கும் கிட்டங்கி. காவலுக்குச் சீசர் என்று ஓர் அல்சேஷன் கலப்பு நாய். அந்தக் காலத்துக் கடைவீதிக்காரர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. காவல் நாய் பகலில் வெளிச்சத்தையும் மனித முகத்தையும் பார்க்கக் கூடாது, பார்த்தால் ரோசம் குறைந்துவிடும் என்பார்கள். அதனால் சீசருக்கு இரும்புக் கூண்டு, அதன்மேல் நாலு பக்கமும் சாக்கு. பொழுது சாய்ந்த பிறகுதான் திறப்பார்கள். முதலாளி கெட்டவர் இல்லை. அவர் அப்பா அப்படி வைத்திருந்தார், இவரும் அப்படி வைத்திருந்தார். "அது காவல் இல்ல முதலாளி. பயந்துபோன நாயி கள்ளனுக்கும் உங்களுக்கும் வித்தியாசம் பாக்காது" என்று அண்ணன் எத்தனையோ தடவை சொல்லிவிட்டார். முதலாளி தலையை ஆட்டுவார், சாக்கு மட்டும் விலகாது.

பதினான்கு வருடம் முன்பு, வீரபாண்டித் திருவிழா நடந்த ஒரு மத்தியானம். முதலாளி குடும்பத்தோடு கோயிலுக்குப் போய்விட்டார். தெருவில் மற்ற வீடெல்லாம் பூட்டு. வேதக்கார வீடுகள், அதாவது கிறிஸ்தவர்களான என் வீடும் அண்ணன் வீடும்தான் திறந்திருந்தன. சீசர் காலையிலிருந்து முனகிக்கொண்டிருந்தது. நான் போய்ச் சாக்கைத் தூக்கிப் பார்த்தேன். தண்ணீர்த் தகரம் காய்ந்து கிடந்தது, நாய்க்கு நாக்கு தரையைத் தொட்டது. கொக்கியை இழுத்துப் பார்த்தேன், வலுவாகத்தான் இருந்தது. இரண்டு கையாலும் நெம்பித் திறந்தேன். தகரத்தை எடுத்து நிரப்பிவிட்டு மூடிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். என் பின்னால் என் மகள் வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை, அவளுக்கு அப்போது ஆறு வயது. வெளிச்சம் பட்டதும் சீசர் என்னை இடித்துத் தள்ளிக்கொண்டு பாய்ந்து, எதிரில் இருந்த அவள் கெண்டைக்காலைக் கவ்விவிட்டுத் தெருவுக்கு ஓடியது.

திருவிழாவுக்குப் போய்க்கொண்டிருந்த கூட்டம் முழுக்கத் திரும்பிவிட்டது. "வெறிநாயி! அடிங்கடா!" ஆளுக்கொரு கம்பு, கல். சீசர் எங்கே போவதென்று தெரியாமல் சாக்கடை மூலையில் ஒண்டியது. நானும் அடித்துக் கொல்லுங்கள் என்றுதான் கத்தினேன், பொய் சொல்ல மாட்டேன். அப்போது அண்ணன் பனியனோடு ஓடிவந்து நடுவில் நின்றார்.

"ஏலே, கம்பக் கீழ போடு! நாயக் கொன்னுட்டா, பிள்ளைக்கு என்ன ஆகும்னு யாருகிட்டப் போயிக் கேப்பீக? அது உசுரோட இருந்தாத்தான்டா பதில் தெரியும்!"

அவர் குரலில் இருந்த அதட்டலுக்குக் கூட்டம் பின்வாங்கியது. அவர் மணியின் தேயிலைப் பெட்டியை இழுத்துக்கொண்டுவந்து, இருட்டு வாய் சீசரைப் பார்க்கும்படி போட்டுவிட்டு, எல்லோரையும் தள்ளி நிற்கச் சொன்னார். பிறகு சீசர் தானாகவே நடந்துபோய் உள்ளே நுழைந்தது. ஓடி ஒளிய அந்த நாய்க்கு அந்த நேரத்தில் ஒரு பெட்டிதான் கிடைத்தது.

பெட்டியை மூடியவுடன் என் மகளைத் தூக்கிக்கொண்டுபோய்க் குழாயடியில் வைத்து, பார் சோப்புப் போட்டுக் கழுவினார். அவள் கதறக் கதற, தண்ணீரை நிறுத்தாமல் கழுவினார். "எப்படித் தெறந்துச்சு?" என்று யாரோ கேட்டார்கள். "தானாத் தெறந்துக்கிருச்சு" என்றேன். மகளுக்கும் அதையே சொல்லிக்கொடுத்தேன். அண்ணன் நிமிர்ந்து என்னை ஒரு பார்வை பார்த்தார், திரும்பக் குனிந்து கழுவினார்.

பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் தொப்புளைச் சுற்றிப் போடும் ஊசியை ஆரம்பித்தார். பத்து நாள் நாயைப் பாருங்கள், நாய் நன்றாக இருந்தால் ஊசியை நிறுத்திவிடலாம், பயமும் இல்லை என்றார். சாயங்காலம் முதலாளி திரும்பிவந்து கூண்டைப் பார்த்தார். கொக்கி லொடலொடவென்று ஆடியது. எனக்கே ஆச்சரியம். நாய் இடித்ததில் கழன்றிருக்கும் என்று நினைத்து உள்ளுக்குள் கர்த்தருக்கு நன்றி சொன்னேன். முதலாளி என் மகளைப் பார்த்துக் கண்ணீர் விட்டார், கூண்டு செய்துகொடுத்த கொல்லர் மாரியப்பனைக் கண்டபடி ஏசினார். நான் வாயைத் திறக்கவில்லை.

கூண்டை அண்ணன் தன் வீட்டு முற்றத்துக்கு மாற்றி, கொக்கியை முறுக்கி, சீசரை அதில் விட்டார். சாக்கைத் தூக்கி எறிந்துவிட்டார். பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஆஸ்பத்திரியில் நடந்த கதையெல்லாம் அதனிடம் பேசுவார். நான் தினமும் ஷிப்டுக்கு முன்னால் ஓடிப்போய்ப் பார்ப்பேன், கொக்கியை இரண்டு தடவை இழுத்துப் பார்ப்பேன். கூண்டே கூடாது என்று ஊருக்குப் புத்தி சொன்னவள் நான். "இன்னொரு பூட்டு வேணுமாத்தா? மாட்டாஸ்பத்திரிப் பூட்டு ஒண்ணு சும்மாதான் கெடக்கு" என்று கிண்டல் செய்வார்.

ஐந்தாம் நாள் காலையில் சீசர் தண்ணீர் குடிக்கவில்லை. பாத்திரத்தருகே வந்தது, மூக்கைச் சுளித்தது, விலகிப் போய்விட்டது. வெறிநாய் தண்ணீரைக் கண்டால் ஒதுங்கும் என்று யாருக்குத்தான் தெரியாது? அன்று எக்ஸ்சேஞ்சில் கம்பத்துக்குப் போட வேண்டிய காலைப் பெரியகுளத்துக்குப் போட்டேன், போடிக்காரரைச் சின்னமனூர்க்காரரோடு பேசவைத்தேன். மத்தியானம் சொல்லிக்கொள்ளாமல் ஓடிவந்தேன். அண்ணன் என்னைப் பார்த்ததும் வாசலிலேயே கத்தினார்.

"குடிச்சிருச்சுத்தா! என் தப்பு! பாத்திரத்தப் பினாயில் போட்டுக் கழுவியிருக்கேன் முட்டாப்பய. எம் மூக்குக்கு அந்த நாத்தம் செத்துப்போயி எத்தன வருசமாச்சு! சட்டியில ஊத்தி வச்சேன், சளப்பு சளப்புன்னு குடிச்சிருச்சு."

தெருவில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி "என் தப்பு, என் தப்பு" என்று சொல்லிவிட்டு, உள்ளே போய் உட்கார்ந்து சோறு சாப்பிட்டார். எனக்கு அன்றும் சோறு இறங்கவில்லை.

பத்தாம் நாள் டாக்டர் ஊசியை நிறுத்தினார். அண்ணன் கூண்டைத் திறந்தார். சீசர் எட்டிப் பார்த்தது, வெளியே வந்தது, அவர் காலடியில் படுத்துக்கொண்டது. நான் என் மகளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதேன். முதலாளி நாயைக் கூட்டிக்கொண்டுபோனார். கூண்டும் போனது, ஆனால் சாக்கில்லாமல், பகலில் இரண்டு வேளை திறக்கப்படும் கூண்டாக. "இப்ப ஆளக் கண்டா வாலாட்டுது கம்பவுண்டரே" என்று முதலாளி புகார் சொல்வார். "ஆட்டட்டும். தெரிஞ்ச ஆளுக்குத்தான ஆட்டுது" என்பார் இவர். அதற்குப் பிறகு அந்தக் கிட்டங்கியில் ஒரு பொதிகூடக் காணாமல் போகவில்லை. வெயிலில் சாக்குப் போட்டு அடைப்பதை இன்றும் நான் கொடுமை என்றுதான் சொல்வேன். அவரும் முதல் நாளிலிருந்து அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார், எனக்குத்தான் அப்போது காது கேட்கவில்லை.

இரண்டு மாதம் முன்பு அனுமந்தன்பட்டிக்குப் போய் அவரைப் பார்த்தேன். தலையணை மூன்று வைத்துச் சாய்ந்திருந்தார். என்ன தோன்றியதோ, திடுமென்று சொல்லிவிட்டேன். "அண்ணே, சீசர் கூண்டு தானாத் தெறக்கல. நான்தான் தெறந்தேன்."

"தெரியும்த்தா."

"எப்படிண்ணே?"

"கொக்கி கல்லுமாதிரி இருந்துச்சு. முதலாளி வர்றதுக்கு முன்னால நான்தான் குறடு வச்சு நட்டத் தளத்திவிட்டேன்."

அவர் மூச்சு வாங்கிக்கொண்டு தொடர்ந்தார். "பிள்ள காலப் பாக்குறதா, ஒன் மூஞ்சியப் பாக்குறதா? அன்னைக்கு ஒன்னயப் பிடிச்சு நாலு பேரு கேள்வி கேட்டா நீ செத்திருப்ப. ஆறுனதுக்கப்புறம் நீயே சொல்லுவன்னு நெனச்சேன். ரொம்ப லேட்டாக்கிட்ட." சிரித்தார், சிரிப்பு இருமலாகிவிட்டது. அடங்கியதும் என் கையைப் பிடித்தார். "அந்தக் கொல்லர நான் யோசிக்கல பாரு. அது என் தப்பு. நீ நடமாடுற ஆளு. முதலாளிகிட்டச் சொல்லிரு. என் பேரையும் சேத்துச் சொல்லு."

சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். வந்து, இரண்டு மாதம் சும்மா இருந்தேன். நாளைக்கு, அடுத்த வாரம் என்று தள்ளிக்கொண்டே போனேன்.

அடக்கம் முடிந்து நானும் முதலாளியும் ஒரே பஸ்ஸில் திரும்பினோம். சின்னமனூர் தாண்டியதும் சொல்லிவிட்டேன், திறந்தது, மறைத்தது, குறடு, எல்லாம். வீரபாண்டி வந்ததும் முதலாளி என் பக்கம் திரும்பினார்.

"தண்ணி வைக்காமப் போனது நானும்மா. அதுக்கு நீ என்ன செய்வ?" என்றார். பிறகு, "மாரியப்பனுக்குப் பதினாலு வருசமா நான் ஒரு ஆணி வேலகூடக் குடுக்கல. கண்டவன்கிட்டயெல்லாம் அவன் வேல மட்டம்னு சொல்லிவச்சிருக்கேன்" என்றார்.

வீட்டுக்குப் போகாமல் பட்டறைக்குத்தான் போனோம். முதலாளி "மாரியப்பா, ஒன்னயத் தப்பா நெனச்சுட்டேன்..." என்று ஆரம்பித்தார். கொல்லர் சுத்தியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒன்றும் புரியாமல் எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். நான் குறுக்கே புகுந்தேன். "தெறந்தது நான். தளத்திவிட்டது சவரிமுத்து அண்ணன். ஒங்க கொக்கி நல்ல கொக்கிண்ணே." கொல்லர் சுத்தியலைக் கீழே வைத்தார். "நான் செஞ்சது ஆடாதுன்னு எனக்குத் தெரியும்மா. சொன்னா யாரு நம்புறாக?" என்று சொல்லிவிட்டு, தோளில் கிடந்த துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

சவரிமுத்து அண்ணனிடமிருந்து எனக்கென்று வைத்துக்கொண்டது அந்த "என் தப்பு" என்ற இரண்டு வார்த்தைதான். அவருக்கு அது தெருவாசலில் நின்று ஒரே மூச்சில் வந்தது, எனக்கு வரப் பதினான்கு வருடமும் ஒரு சாவும் தேவைப்பட்டது. அன்று வீட்டுக்கு வந்து, குளித்து, தட்டைப் போட்டு உட்கார்ந்தேன். சாவு வீட்டுக்குப் போய்வந்தவள் இப்படியா சாப்பிடுவாள் என்று என் மகள் பார்த்துக்கொண்டிருக்க, இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.